புகை அடித்தால் ஹெட்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறேன். காலையும் மாலையும் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போக ஒரு ஸ்பிளெண்டர் வைத்திருக்கிறேன். 12 வருட வண்டி. சில மாதமாகக் காலையில் முதல் கிக்கில் நீலப் புகை அடிக்கிறது, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மேட்டில் இழுவையும் குறைந்துவிட்டது. மெக்கானிக் "ஹெட் போயி" (வால்வுகள் இருக்கும் இன்ஜின் தலைப்பகுதி கெட்டுவிட்டது) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, முழு ஹெட்டையும் புதிதாகப் போடச் சொன்னார். மனசு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானே ஹெட்டைக் கழற்றித் திண்ணையில் வைத்திருக்கிறேன். வால்வைக் கழற்றுவது எப்படி? எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: கழற்றும் முன்பே கேட்டிருந்தால் டேப்பெட்டை (வால்வை அமுக்கும் திருகு) பார்க்கச் சொல்லியிருப்பேன். டேப்பெட் இடைவெளி இல்லாமல் இறுகிப் போனாலும் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) கசிந்து இழுவை குறையும். அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. சரி, கழற்றியாகிவிட்டது. மேற்கொண்டு பார்ப்போம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் புகைத்து அடங்கினால், பெரும்பாலும் வால்வு ஆயில் சீல்தான் காரணம். பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருந்தால் ஓடும்போதும், முக்கியமாக முறுக்கும்போதும் புகை வரும். உங்கள் வண்டி முதல் ரகம் போலத் தெரிகிறது. சீல் என்பது ஆயில் எரிப்பு அறைக்குள் இறங்காமல் தடுக்கிற, விரல் நுனியில் நிற்கிற சின்ன ரப்பர் தொப்பி. அதற்காக முழு ஹெட்டையும் மாற்றுவது, குழாய் வாஷர் போனதற்குக் கிணறு தோண்டுகிற கதை.

வால்வைத் தொடும் முன் ஒரு சோதனை. பிளக்கை முடுக்கிவிட்டு, எரிப்பு அறை மேலே பார்க்கிற மாதிரி ஹெட்டைச் சமமாக வையுங்கள். அந்தக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். பிறகு கார்புரேட்டர் மாட்டுகிற வாயையும் சைலன்சர் மாட்டுகிற வாயையும் எட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஈரம் கசிகிறதோ அந்த வால்வு சரியாக உட்காரவில்லை. இரண்டும் காய்ந்திருந்து, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடும் தேயாமல் இருந்தால் சீல் மட்டும் மாற்றினால் போதும். பட்டறைக்குப் போகிற வேலையே இல்லை.

இனி கழற்றல். வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் சாஃப்ட்டும் ராக்கர் ஆர்ம்களும் வெளியே வந்த பிறகுதான் ஸ்பிரிங் கைக்கு எட்டும். ஸ்பிரிங்கை அமுக்கினால் மேல் தட்டு கீழே இறங்கும், நடுவில் வால்வுத் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும் இரண்டு அரைக் கூம்புத் துண்டுகள் தெரியும். அவைதான் லாக். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். காந்த முனை உள்ள குச்சியால் எடுங்கள். நான் முதல் முறை செய்தபோது வாசல் புல்லில் உட்கார்ந்திருந்தேன். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது, ஒரு லாக்கைக் காணோம். பொழுது சாயும்வரை துழாவியும் கிடைக்கவில்லை. அதிலிருந்து பெரிய தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஹெட்டையும் கையையும் அதன் மேலேயே வைத்து வேலை செய்கிறேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; ஸ்பிரிங் தவறினால் முகத்துக்குத்தான் வரும்.

லாக் வந்த கையோடு வால்வை உருவாதீர்கள். லாக் உட்காரும் காடியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நைஸ் எமரியால் நீவிவிட்டு, அப்புறம் உருவுங்கள். இல்லாவிட்டால் வெளியே வருகிற பிசிறு கைடைக் கீறிவிடும். நல்ல கைடைக் கெடுத்துக்கொள்கிற இடம் இதுதான். ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, இன்லெட், எக்சாஸ்ட் என்று எழுதி, அந்தந்த வால்வு, ஸ்பிரிங், லாக் கலக்காமல் குத்தி வையுங்கள். தலை பெரிதாக இருப்பது இன்லெட்.

கரியைச் சுத்தம் செய்துவிட்டு, வால்வைக் கைடில் பாதி நுழைத்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். புது வால்வை வைத்துப் பார்த்தும் தெளிவாக ஆடினால் கைடு தேய்ந்துவிட்டது. அது வீட்டு வேலை இல்லை: ஹெட்டைச் சூடாக்கிப் பழைய கைடைத் தட்டி எடுத்து, புதிதை ஏற்றி, ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விட வேண்டும். கைடு மாறினால் மையமும் மாறும். ஆகவே சீட்டையும் (வால்வு வந்து உட்காரும் வளையம்) புதிதாக வெட்ட வேண்டும். கைடு மாற்றித் தருகிறேன், சீட் கட்டிங் வேண்டாம் என்று சொல்லும் பட்டறையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆட்டம் இல்லை, கசிவு மட்டும் இருக்கிறது என்றால் கையால் கிரைண்டிங் செய்யலாம். வால்வு முகத்தில் (சீட்டில் உட்காரும் சாய்ந்த விளிம்பில்) அங்கங்கே பொட்டு மாதிரி கிரைண்டிங் பேஸ்ட் போதும். ரப்பர் குச்சியைத் தலையில் ஒட்டி, தயிர் கடைகிற மாதிரி முன்னும் பின்னும் உருட்டுங்கள். இடையிடையே தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி உருட்டுங்கள். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றாதீர்கள். மங்கிய சாம்பல் நிற வளையம் அறுபடாமல் சுற்றி வந்தால் நிறுத்திவிடலாம். பென்சிலால் முகத்தில் குறுக்குக் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்துக் கால் சுற்று திருப்புங்கள்; எல்லாக் கோடும் அழிந்திருந்தால் வெற்றி. தலை ஓரம் கத்தி போல மெலிந்திருந்தாலோ, முகத்தில் குழி விழுந்திருந்தாலோ தேய்க்காதீர்கள், புது வால்வு வாங்குங்கள். பேஸ்ட் ஒரு துளியும் கைடில் தங்காமல் கழுவ வேண்டும். அது தங்கினால் ஓட ஓட அரைத்துக்கொண்டே இருக்கும்.

வாங்க வேண்டியவை: இரண்டு சீல், ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கும் தகடு), தேவையான ஓ-ரிங்குகள். இவற்றைப் பழசாகத் திரும்பப் போடவே கூடாது. மாட்டும்போது தண்டில் ஆயில் தடவுங்கள். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுற்று ஹெட் பக்கம் இருக்கட்டும். லாக் போட்ட பிறகு தண்டின் மேல் பிளாஸ்டிக் சுத்தியால் இரண்டு தட்டு தட்டுங்கள்.

கேள்வி: முதலமடையிலிருந்து எழுதுகிறேன். பொள்ளாச்சியில் ஒரு கடையில் 'கம்பெனி சாமான்' என்று வால்வு செட் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் தண்டு பழசைவிடச் சன்னமாக இருக்கிறது. துண்டுச் சீட்டில் "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று முத்திரை. கேரளாக்காரன் தமிழ்நாட்டில் போய் வழக்குப் போட முடியுமா?

பதில்: போக வேண்டியதே இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த முத்திரைக்குப் பயப்படாதீர்கள். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அதே சட்டம். பில் தராததும் அதே கணக்கில் வரும். பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்றாலும் நீங்கள் நுகர்வோர்தான்.

ஆனால் வழக்கு கடைசிப் படி. முதலில் வால்வை மாட்டாமல், டப்பாவைக் கிழிக்காமல் வைத்திருங்கள். மாட்டிவிட்டால் "நீங்கள் போட்டது தப்பு" என்று கடைக்காரருக்கு ஒரு வாய் கிடைத்துவிடும். வெர்னியர் அளவுகோலில் புதுத் தண்டு, பழைய தண்டு இரண்டின் அளவையும் போட்டோ எடுங்கள். பழசைத் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, விலை, மாதமும் வருடமும் இருக்கிறதா பாருங்கள். இவற்றோடு நேரில் போய்க் கேட்டாலே பாதி விஷயம் முடியும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: வால்வு ஸ்பிரிங் அமுக்குகிற டூல் வாங்கலாமா? ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது.

பதில்: ஒரு வண்டிக்கு வேண்டாம். பக்கத்தில் ஜன்னல் வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றும் ஒரு ஜி-கிளாம்ப்பும் போதும். குழாய் ஸ்பிரிங் தட்டின் மேல் உட்கார வேண்டும், ஜன்னல் வழியாக லாக்கை எடுக்க வேண்டும். கிளாம்ப்பின் மறுமுனை வால்வுத் தலையில் படுகிற இடத்தில் ஒரு மரத்துண்டு வையுங்கள். வாங்கியே தீருவேன் என்றால், உங்கள் ஹெட்டைக் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள். கார் ஹெட்டுக்குச் செய்த டூல் பைக் ஹெட்டின் குறுகிய குழிக்குள் பல சமயம் நுழையவே நுழையாது.