வாங்கப்போகும் நிறுவனத்தின் நிலத்தையே அடமானம் வைக்கலாமா?

கேள்வி: ஆம்பூரில் நானும் தம்பியும் ஷூ அப்பர் தைக்கும் தொழிற்சாலை நடத்துகிறோம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சிறிய தோல் நிறுவனம் ஒன்றின் புரமோட்டர் (நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முதலாளி) தம்முடைய 30 சதவீதப் பங்கை எங்களுக்கு விற்க முன்வந்துள்ளார். பாதிப் பணம் கையில் இருக்கிறது. மீதிக்கு, ராணிப்பேட்டையில் அந்த நிறுவனத்துக்குள்ள நிலத்தையே அடமானம் வைக்கலாமா? - வாசகர், ஆம்பூர்

பதில்: அந்த எண்ணத்தை இப்போதே கைவிட்டுவிடுங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனம் பப்ளிக் கம்பெனி என்பதால், தன் பங்குகளை ஒருவர் வாங்குவதற்கு அது கடனோ உத்தரவாதமோ அடமானமோ தரக் கூடாதென்று 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 67ஆவது பிரிவு தடுக்கிறது.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, உங்கள் கணக்கு 30 சதவீதத்தோடு நின்றுவிட்டதே. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, அண்ணன் தம்பி இருவர் பங்கும் சேர்ந்து 25 சதவீதத்தைத் தொட்டாலே, மற்ற பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது 26 சதவீதம் வாங்க ஓப்பன் ஆஃபர், அதாவது விருப்பமுள்ளவர்கள் விற்கலாம் என்ற பொது அழைப்பு, அறிவித்தாக வேண்டும். புரமோட்டருக்குப் பேசிய விலைக்குக் குறைவாக அவர்களுக்குக் கொடுக்க முடியாது. 2019இல் மைண்ட்ட்ரீ என்ற ஐ.டி. நிறுவனத்தை வாங்கிய எல் அண்ட் டி, அதன் பெரிய பங்குதாரரான வி.ஜி. சித்தார்த்தா தரப்புக்குக் கொடுத்த அதே 980 ரூபாயில்தான் ஓப்பன் ஆஃபரும் கொடுத்தது.

மொத்தம் 1 கோடி பங்குகள், பேசிய விலை 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புரமோட்டருக்கு 36 கோடி. ஓப்பன் ஆஃபரில் முழு அளவும் வந்துவிட்டால் மேலும் 31 கோடியே 20 லட்சம். ஒருவரும் விற்க வராமலும் போகலாம். ஆனாலும் முழுத் தொகைக்கும் பணம் உறுதி என்று, ஆஃபரை நடத்தித் தரும் மெர்ச்சன்ட் பேங்கர் சான்றளிக்க வேண்டும். அதில் 25 சதவீதத்தை, அதாவது 7 கோடியே 80 லட்சத்தை, எஸ்க்ரோ கணக்கில் (நீங்கள் இஷ்டம்போல் எடுக்க முடியாத பிணைக் கணக்கு) முன்கூட்டியே வைக்க வேண்டும். பேங்க் கேரண்டியாகவும் வைக்கலாம். அப்போதும் ஆஃபர் தொகையில் 1 சதவீதம் ரொக்கமாக வேண்டும்.

தொழிற்சாலையின் சி.சி. லிமிட்டில் (அன்றாடச் செலவுக்கான வங்கிக் கடன் வரம்பு) கை வைக்காதீர்கள். அது பெரியமேட்டில் தோல் வாங்கவும், சனிக்கிழமை கூலி கொடுக்கவும் வங்கி தந்த பணம். சொந்த முதலீடு போதாதென்றால், கூட்டாளியைச் சேர்ப்பதே நல்லது.

பங்கை வாங்கினால் நிறுவனத்தின் பழைய பொறுப்புகளும் கூடவே வரும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் நேர்ந்த கேட்டுக்கு மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அந்த நிலத்தின் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும், தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியத்துக்காகச் சோதித்துப் பாருங்கள். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பாக்கி உண்டா என்றும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே பொது அறிவிப்பு வெளியிட வேண்டும், அதன்பின் நினைத்தபடி பின்வாங்க விதிகள் இடம் தருவதில்லை என்பதால், இவை அனைத்தையும் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.