சிறகுள்ள கதாபாத்திரத்தைத் தடை செய்யாமல் ஆட்டத்தை நடத்துவது எப்படி?

கேள்வி: நண்பர்கள் ஐவருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பை நடத்தி வருகிறேன். எல்லோரும் முதல் லெவல். ஒருவர் ஆராகோக்ரா என்ற பறவை இனத்து ரேஞ்சரை, அதாவது காட்டு வேட்டை வீரரை, தேர்ந்தெடுத்திருக்கிறார். சண்டை தொடங்கியதும் நூறு அடிக்கு மேலே போய்விட்டு, அங்கிருந்தே நெடுவில்லால் அம்பு எய்துகொண்டிருக்கிறார். கோப்ளின் என்னும் குட்டி அரக்கர்களால் அவரை எதுவும் செய்ய முடிவதில்லை. கீழே நிற்கும் மற்ற நால்வருக்கும் சலிப்புத் தட்டுகிறது. பறப்பதையே தடை செய்துவிடலாமா?

பதில்: தடை செய்ய வேண்டாம். உங்கள் அனுமதியோடு உருவாக்கிய கதாபாத்திரத்தின் சிறகை நடுவழியில் வெட்டினால், அந்த நண்பருக்கு உங்கள் மேசையின் மீதிருக்கும் நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடும். அதற்கு அவசியமும் இல்லை. உயரத்துக்கு விதிப்புத்தகமே ஒரு விலை வைத்திருக்கிறது. பெரும்பாலான மேசைகளில் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் அந்த விலையை முழுதாக வசூலிப்பதில்லை என்பதுதான் சிக்கல். 2014-ஆம் ஆண்டு விதிகளையே நீங்கள் பயன்படுத்துவதாகக் கொண்டு விளக்குகிறேன்.

உங்கள் நண்பர் நூறு அடி உயரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. கோப்ளின் வைத்திருக்கும் குறுவில்லின் இயல்பான எல்லை 80 அடி. அதைத் தாண்டி 320 அடி வரை எய்யலாம் என்றாலும் டிஸ்அட்வான்டேஜுடன்தான், அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டுதான், எய்ய முடியும். நெடுவில்லுக்கோ இயல்பான எல்லையே 150 அடி. ஆகவே 80 அடிக்கும் 150 அடிக்கும் இடைப்பட்ட வான்பகுதி அவருக்கு மட்டுமே வசதியான இடமாக அமைந்துவிடுகிறது. அதற்காக அவரைத் தொடவே முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. தோல் கவசமும் நல்ல டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு) கொண்ட முதல் லெவல் ரேஞ்சரின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவரைத் தாக்க எட்ட வேண்டிய எண், 14 என்று வைத்துக்கொண்டால், கோப்ளினின் அம்பு இயல்பாக 55 விழுக்காடு படும்; டிஸ்அட்வான்டேஜில் அது ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறையும். ஆறு கோப்ளின்கள் சேர்ந்து எய்தால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக இரண்டு அம்புகளுக்குச் சற்றே குறைவாகத் தைக்கும், அதாவது பத்து ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) அளவுக்குச் சேதம். அவரிடம் இருப்பதே பன்னிரண்டைச் சுற்றித்தான் இருக்கும். வெட்டவெளியில் தனியாகத் தெரியும் ஒருவரைப் பார்த்து எல்லா வில்லாளிகளும் ஒரே நேரத்தில் குறிவைப்பது இயல்பு. ஆறு பேரும் ஒவ்வொரு முறையும் அவரையே குறிவைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூவர் எய்தாலே அவர் உயரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்.

இதைவிடப் பெரிய விலை விழுவதில் இருக்கிறது. பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை என்ற கணக்கில், அதிகபட்சம் இருபது பகடைகள் வரை விழுந்த சேதம் ஏறும். 120 அடி உயரத்தில் இருக்கும் உங்கள் ரேஞ்சரின் ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு வந்தால் அவர் நினைவிழப்பார், நினைவிழந்தவர் விழுவார், பன்னிரண்டு பகடைகள் உருளும். பூஜ்யத்தில் கிடக்கும் ஒருவர் தன் முழு ஹிட் பாயின்ட் அளவுக்கோ அதற்கு மேலோ ஒரே அடியில் சேதம் பெற்றால் உடனே மரணம் என்பது விதி. பன்னிரண்டு பகடைகளிலும் ஒன்றே விழுந்தால்கூடக் கூட்டுத்தொகை பன்னிரண்டு. அவருடைய முழு ஹிட் பாயின்ட் பன்னிரண்டாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அந்த உயரத்திலிருந்து விழுந்து பிழைக்க வழியே இல்லை. உயிர் பிழைப்பாரா என்று பகடையால் பார்க்கும் டெத் சேவை உருட்டும் வாய்ப்புகூடக் கிடையாது. தோழர்களாலும் எளிதில் காப்பாற்ற முடியாது. குணப்படுத்தும் ஹீலிங் வேர்ட் மந்திரத்தின் எல்லை 60 அடி, விழுபவரை மெல்ல இறக்கும் ஃபெதர் ஃபால் மந்திரத்தின் எல்லையும் அதே 60 அடி, காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸுக்குத் தொட்டாக வேண்டும். அவர் தன் நண்பர்களின் கைக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு சண்டை போடுகிறார்.

இந்தக் கணக்கை அடுத்த ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் விழுந்து இறந்தால் அது டன்ஜன் மாஸ்டர் வைத்த பொறியாகத் தோன்றும். தெரிந்தே நூறு அடி ஏறினால் அது அவருடைய துணிச்சல். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கணக்குத் தெரிந்ததும் அவராகவே முப்பது நாற்பது அடிக்கு இறங்கி வருவார். அந்த உயரத்தில் குறுவில் எட்டும், எறிவேல்கூட டிஸ்அட்வான்டேஜுடன் எட்டும், தோழர்களின் மந்திரமும் எட்டும். சண்டை மறுபடியும் ஐவருடையதாகிவிடும்.

பறப்பவர் எப்போது விழுவார் என்பதில் பலருக்குக் குழப்பம் இருப்பதால் அதையும் தெளிவாக்கிவிடுகிறேன். ஓரிடத்தில் அசையாமல் நின்றால் விழ வேண்டும் என்ற விதி ஐந்தாம் பதிப்பில் இல்லை. ஹிட் பாயின்ட் தீராமலேயே அவர் விழுவது மூன்று நிலைகளில்: தள்ளாடிக் கவிழும்போது, அதாவது ப்ரோன் ஆகும்போது; வேகம் பூஜ்யமாகும்போது; வேறு வகையில் அசையும் ஆற்றலை இழக்கும்போது. ஆகவே ராட்சதச் சிலந்தியின் வலை பட்டாலும், அசையவிடாமல் முடக்கும் ஹோல்ட் பெர்சன் மந்திரம் பற்றினாலும், ஒருவர் பாய்ந்து பிடித்துக்கொண்டாலும் அவர் கீழே வருவார். ஹோவர், அதாவது அந்தரத்தில் மிதக்கும் ஆற்றல் உடையவர்களுக்கும், பறக்கவைக்கும் ஃப்ளை மந்திரம் போன்றவற்றால் தாங்கப்படுபவர்களுக்கும் இந்த விதி பொருந்தாது. கொல்லாமல் தரையிறக்க வேண்டுமென்றால் எர்த்பைண்ட் என்ற இரண்டாம் லெவல் மந்திரம் நல்ல கருவி: 300 அடி வரை எட்டும், ஸ்ட்ரெங்த் சேவ் (உடல் வலிமையால் தடுக்கப் பார்க்கும் பகடை) தோற்றால் பறக்கும் வேகம் பூஜ்யமாகும், ஆனால் சுற்றுக்கு 60 அடி வீதம் பத்திரமாகத் தரைக்கு வந்துவிடுவார். இன்னொன்று, மேல்நோக்கிப் பறந்து எதிரியின் எட்டும் தூரத்தை விட்டு விலகினாலும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், அதாவது விலகுபவரை எதிரி உடனே அடிக்கும் வாய்ப்பு, உண்டு. சில பறவை மான்ஸ்டர்களுக்கு இருக்கும் ஃப்ளைபை என்ற விலக்கு ஆராகோக்ரா ஆட்டக்காரருக்குக் கிடையாது.

இனி கோப்ளின்களின் பக்கம் வருவோம். அவை முட்டாள்கள் அல்ல. போனஸ் ஆக்ஷனில், அதாவது தம் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலில், ஒளிந்துகொள்ளும் திறன் உள்ளவை. ஓர் ஆற்றுப் பாலத்தில் சண்டை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அம்பு வானிலிருந்து வந்ததுமே இரண்டு கோப்ளின்கள் பாலத்தின் வளைவுக்கு அடியில் நுழைகின்றன, இரண்டு கரையோரப் புதருக்குள் போகின்றன, மீதி இரண்டு உங்கள் போர்வீரரோடு கட்டிப் புரள்கின்றன. மேலிருந்து பார்த்தால் பாலத்தடியில் இருப்பவற்றுக்கு முழு மறைப்பு, குறிவைக்கவே முடியாது. கட்டிப் புரள்பவற்றுக்கு இடையில் நிற்கும் தோழரால் பாதி மறைப்பு கிடைப்பதாக நீங்கள் தீர்ப்புச் சொன்னால் ஆர்மர் கிளாஸ் இரண்டு கூடும். பாலத்தடிக்குள் குறிபார்க்க வேண்டுமென்றால் ரேஞ்சர் நீர்மட்டத்துக்கு அருகே தாழப் பறந்து வந்தாக வேண்டும். அங்கே அவர் வரும் தருணம்தான் அந்தச் சண்டையின் மிகச் சுவையான தருணமாக இருக்கும். கவனியுங்கள், இதில் நீங்கள் புதிதாக எதையும் அவருக்கு எதிராகக் கண்டுபிடிக்கவில்லை. சண்டை நடக்கும் இடத்துக்குக் கூரையும் நிழலும் மரமும் கொடுத்தீர்கள், எதிரிகளுக்கு உயிராசை கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான வழி ஒன்று உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்லுவேன். பறப்பவர் தொல்லை தருகிறார் என்றதும் எல்லாச் சாகசத்தையும் பத்தடி உயரக் குகைக்குள் நகர்த்துவதும், எதிர்ப்படும் ஒவ்வொரு கொள்ளையனின் கையிலும் வலையைத் திணிப்பதும், ஒவ்வொரு நாளும் புயல் வீச வைப்பதும் தடையை வேறு பெயரில் கொண்டுவருவதுதான். ஆட்டக்காரர்கள் இரண்டாவது ஆட்டத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். காற்று பற்றிய விதி கடுமையானது: பலத்த காற்றில் பறப்பவர் தன் முறையின் முடிவில் தரையிறங்க வேண்டும், இல்லையேல் விழுவார், எல்லாருடைய அம்புகளுக்கும் டிஸ்அட்வான்டேஜ். கதையில் மலைக்கணவாயோ கடற்பயணமோ வரும்போது ஒருமுறை பயன்படுத்துங்கள், அது நினைவில் நிற்கும். வானத்தில் எதிரி வேண்டுமென்றால் முதல் லெவலுக்கு இரத்தப் பருந்து போதும். அதன் பறக்கும் வேகம் 60 அடி. 2015-இல் வந்த ஆராகோக்ராவின் வேகமோ 50 அடிதான், 2022-இல் திருத்தி வெளியிட்டபோது நடக்கும் வேகத்துக்குச் சமமாக 30 அடியாகக் குறைத்துவிட்டார்கள். மூன்று சண்டைகளில் ஒன்றையாவது வானம் அவருக்கே சொந்தமாக இருக்கும்படி அமைத்துவிடுங்கள். சிறகை விரும்பித்தான் அவர் இந்த இனத்தை எடுத்தார்.

கீழே நிற்கும் நால்வரின் சலிப்புக்கு மருந்து சண்டையின் நோக்கத்தில் இருக்கிறது. எதிரியைக் கொல்வது மட்டுமே குறிக்கோள் என்றால் தூரத்திலிருந்து எய்பவருக்கே அது சாதகம். கூண்டைத் திறந்து கைதியை மீட்பது, சடங்கு முடிவதற்குள் பலிபீடத்து விளக்கை அணைப்பது, வண்டியை ஓட்டிக்கொண்டே தப்புவது என்று குறிக்கோளைத் தரையில் வைத்தால் கைகளும் தேவைப்படும், கேடயமும் தேவைப்படும். அப்போது மேலே இருப்பவர் உதவியாளர், நால்வர்தான் வேலையை முடிப்பவர்கள்.

பள்ளத்தாக்கு, மதில், அகழி போன்ற தடைகளை அவர் நொடியில் கடந்துவிடுவார் என்று கவலைப்படாதீர்கள். கடக்கட்டும். அவர் அக்கரையில் கயிற்றைக் கட்டும்போது அங்கே தனியாக இருக்கிறார் என்பதிலேயே ஒரு காட்சி இருக்கிறது. வேவு பார்ப்பதும் அப்படித்தான்: திறந்த வானத்தில் ஒளிய மறைவிடம் இல்லாததால், அவர் கோட்டையைப் பார்க்கும்போது கோட்டையும் அவரைப் பார்க்கிறது. தோழரைத் தூக்கிக்கொண்டு பறக்கலாமா என்று கேட்டால், ஸ்ட்ரெங்த் எண்ணைப் பதினைந்தால் பெருக்கி வரும் பவுண்டுதான் அவர் சுமக்கக்கூடிய மொத்த எடை என்ற விதியைக் காட்டுங்கள். அவருடைய சொந்த மூட்டையும் அதில் அடக்கம். குள்ள இனத்து ஹாஃப்லிங்கைத் தூக்கலாம், கவசம் அணிந்த போர்வீரரைத் தூக்குவது கடினம்.

மேசையில் உயரத்தைக் காட்ட மினியேச்சருக்குப் பக்கத்தில் ஒரு பகடையை வையுங்கள். ஓர் எண்ணுக்குப் பத்து அடி. தூரம் கணக்கிடப் பிதாகரஸ் தேற்றம் தேவையில்லை. கட்டம் போட்ட வரைபடத்தில் மூலைவிட்டத்துக்கும் ஐந்தடியே என்பது ஐந்தாம் பதிப்பின் இயல்பான விதி என்பதால், கிடைத்தூரம், உயரம் இரண்டில் எது பெரிதோ அதுவே தூரம். ஐம்பது அடி தள்ளி, எழுபது அடி உயரத்தில் இருப்பவர் எழுபது அடி தூரத்தில் இருக்கிறார், ஆகவே குறுவில்லின் இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கிறார். இந்த ஒன்றைச் சரியாகப் பின்பற்றினாலே உங்கள் கோப்ளின்களுக்குப் பாதி நியாயம் கிடைத்துவிடும்.

அடுத்த முறை புதிய கதையைத் தொடங்கும்போது முதல் நாளிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். ஐந்தாம் லெவல் வரை சிறகுள்ளவர் ஒவ்வொரு முறையின் முடிவிலும் தரையிலோ கிளையிலோ நின்றாக வேண்டும், அதன் பிறகு முழுதாகப் பறக்கலாம் என்பது நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு. ஐந்தாம் லெவலைச் சொல்வதற்குக் காரணம், மந்திரவாதிக்கு ஃப்ளை மந்திரம் கிடைப்பது அப்போதுதான். 2024-இல் வந்த புதிய விதிகளிலும் டிராகன்பார்ன் இனத்துக்குச் சிறகு ஐந்தாம் லெவலில்தான் முளைக்கிறது, ஆசிமார் இனத்துக்கு மூன்றில். ஃப்ளை கிடைத்த பிறகு சிக்கலின் தன்மையும் மாறும். அது மந்திரவாதியின் கான்சன்ட்ரேஷனை (மனக்குவிப்பு) பொறுத்துப் பத்து நிமிடம் நிற்கும் மந்திரம். போர்வீரரை வானில் ஏற்றிவிட்டு மந்திரவாதி தரையில் அடி வாங்கினால், மனக்குவிப்பைக் காக்க உருட்டும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் தோற்ற நொடியில் போர்வீரர் கவசத்தோடு விழுவார். அந்தக் கட்டத்தில் எதிரிகள் அம்பை மேலே எய்ய வேண்டியதில்லை, மந்திரவாதி எங்கே நிற்கிறார் என்று தேடினால் போதும்.