ஆட்சி மாறும்போது, விளிம்புநிலை மக்களுக்கான சுகாதாரக் கொள்கை கைவிடப்படாமல் இருக்க என்ன வழி?

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களிலுள்ள பழங்குடிக் குடியிருப்புகளில் சுகாதாரப் பணி செய்பவள் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். ஓர் அரசின் அடையாளமாக மட்டும் இருக்கும் திட்டம் அந்த அரசோடு போய்விடுகிறது. விதியாகவும் நிரந்தரப் பணியிடமாகவும் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகவும் பதிந்ததை அகற்ற அடுத்து வருபவர்கள் தயங்குகிறார்கள்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2020 டிசம்பரில் தற்காலிகப் பணியாளர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட அம்மா மினி கிளினிக்குகள், ஆட்சி மாறியபின் 2022 தொடக்கத்தில் கைவிடப்பட்டன. 2009-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ 2011-இல் ஆட்சி மாறிய பிறகு 2012-இல் வேறு பெயரில் தொடர்ந்தது. பயனாளிகள் பெருகிவிட்டதால் அதை அடியோடு நிறுத்த யாருக்கும் துணிவில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்காக 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தேர்தல் மேடையில் பேசப்படுவதே இல்லை. அதனாலேயே அது பிழைத்தது என்பது என் கணிப்பு.

நீலகிரிக்கு இது ஏன் உயிர்ப்பிரச்சினை என்றால், எங்கள் பழங்குடியினருக்கு வாக்கு பலம் இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள் வாழும் இம்மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் ஏறத்தாழ 4.5 விழுக்காடுதான். சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும். நீலகிரியில் ஒன்றுகூட இல்லை. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகப் பாதுகாப்பு தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் சேர்ந்த பகுதியும் தமிழ்நாட்டில் கிடையாது. இத்தகைய மக்கள் தேர்தல் வாக்குறுதியை நம்பியிருக்க முடியாது.

இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இந்நோய்க்கூறு முதன்முதலாக 1952-இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கியது. இடையில் எத்தனை மத்திய அரசுகள் வந்துபோயின! 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது என்ற அதன் இலக்கு பெரிது. ஆனால் எண்ணப்படுவது பரிசோதனைதான். பந்தலூர்ப் பக்கம் ஒரு பணியர் வீட்டில், ஓலைக்கும் மூங்கிலுக்கும் இடையே பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தியிருந்த பரிசோதனை அட்டையை எடுத்துக் காட்டிய தாய், "அட்டை குடுத்தாங்க, மாத்திரை எங்கம்மா வாங்கறது?" என்று கேட்டார். இந்நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்சியூரியா ஒருநாள் மருந்தன்று. இரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது சோதித்துக்கொண்டே தொடர்ந்து உட்கொள்ள வேண்டியது. அது கிடைக்கும் இடத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது. எத்தனை பேருக்கு மருந்து தடையின்றிக் கிடைத்தது என்பதை இனவாரியாகவும் வட்டவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற ஒரு விதி இருந்தால், எந்த அரசும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்ற அளவுகோல், பல ஆட்சிகளைக் கடந்தும் நிற்பது, அது விதியாகப் பதிந்திருப்பதால்தான். அதுவும் போதாது, யானை நடமாடும் தடத்தில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குத் தலைக்கணக்கைவிட நடைநேரமே சரியான அளவு.

வெளிநாடுகளில் தாய்லாந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 50,000 கையெழுத்து திரட்டி மக்கள் அமைப்புகளும் வரைவு கொடுத்து, 2002-இல் சட்டமான அனைவருக்குமான மருத்துவ உரிமை, 2006, 2014 ஆகிய இரு இராணுவப் புரட்சிகளையும் தாண்டி நிற்கிறது. சட்டம் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது: ராஜஸ்தானில் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேறியது, டிசம்பரில் ஆட்சி மாறியது, விதிகள் வகுக்கப்படாமல் சட்டம் முடங்கிப்போனது.

ஆகவே, புதிய அரசு வந்ததும் வாழ்த்து மனுவோடு புதுத் திட்டம் கேட்பதை நான் ஆதரிப்பதில்லை. பதவியேற்புக்கும் முதல் வரவுசெலவுத் திட்டத்துக்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான் நமக்கு வாய்ப்பு. 2021-இல் மே மாதம் ஆட்சி மாறி, ஆகஸ்டு 13-இல் திருத்திய நிதிநிலை அறிக்கை வந்தது. அந்த இடைவெளியில் துறைச் செயலரிடம் கொடுக்கும் மனுவில், எந்த அரசாணையின் எந்தப் பத்தியில் எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும், எந்தப் பணியிடத்தை நிரந்தரமாக்க வேண்டும், அதற்கான செலவு எந்தத் தலைப்பில் வர வேண்டும் என்பது வரை எழுதியிருக்க வேண்டும். அதே மனுவின் நகலை எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் கொடுத்துவிடுங்கள். ஐந்தாண்டு கழித்து அவர் அமைச்சராக இருக்கக்கூடும்.