மீனும் ஆமணக்கும்

அன்புள்ள அக்கா,

காரைக்குடியில் இருக்கிறேன். பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மூன்று வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன். போன மாதம் ஒரு பையன், வேதத்தில் பெரிய மீன் விழுங்கிய தீர்க்கதரிசியைப் பற்றி, "யோனா நிஜமாவே மூணு நாள் மீன் வயித்துல இருந்தாரா டீச்சர்?" என்று கேட்டான். "அது கதையாகவும் இருக்கலாம்பா" என்றேன். விஷயம் பெரியவர்கள் காதுக்குப் போனது. வேதத்தை அப்படியே நம்பாதவர் இனிப் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இயேசுவை நான் விடவில்லை. ஆனால் இந்தச் சபையைச் சேர்ந்தவள்தானா நான் என்று ஞாயிறுதோறும் மனது கேட்கிறது.

எம்., காரைக்குடி

அன்புள்ள எம்.,

சேர்ந்தவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் ஊரில் நகரத்தார் வீட்டுக் கல்யாணம் முடிந்தால் அந்தத் தம்பதி அவர்கள் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது ஓர் உறுப்பினர் குடும்பம். அப்புறம் புராணத்தில் எது நடந்தது, எது கதை என்று யாரும் பரீட்சை வைப்பதில்லை. நமக்குச் சேர்க்கை பிறப்பாலோ கல்யாணத்தாலோ வருவதில்லை, ஞானஸ்நானத்தால் வருகிறது. ஓய்வுநாள் பள்ளி வகுப்பை உங்களிடமிருந்து எடுக்கலாம். அந்தத் தண்ணீரை எடுக்க முடியாது.

ஆராதனையில் நாம் சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, சபை, பாவமன்னிப்பு எல்லாம் வருகிறது. வேதத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது, வேதமே விசுவாசத்துக்கு முடிவான அளவுகோல் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பிரமாணங்களின் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிமனிதர் சம்மதம் தர வேண்டும் என்று கேட்கவில்லை. பிரமாணத்துக்கே அவ்வளவு இடம் விட்டவர்கள் அவர்கள்.

யோனா மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்ததுபோல் தாமும் பூமிக்குள் இருப்பேன் என்று இயேசுவே சொன்னாரே என்பார்கள். சொன்னார்தான். உவமையில் நல்ல சமாரியனையும் சொன்னார். அவன் உண்மையில் இருந்தானா என்று நாம் விசாரிப்பதில்லை. உயிர்த்தெழுதல் நடந்தது என்றே நான் நம்புகிறேன், யோனாவை உவமையாக வாசிக்கிறேன். என் அம்மா அந்த மீனை முழுசாக நம்பினார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம், ஒரே திருவிருந்தைத்தான் எடுத்தோம். உங்கள் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு கல்லை உருவினால் வீடே சரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் அம்மாவுக்கும் இருந்தது.

இயேசுவின் சீடன் தோமாவை நினைத்துக்கொள்ளுங்கள். உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டோம் என்று மற்ற சீடர்கள் சொல்லியும் நம்ப மாட்டேன் என்றவன். எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது அவன் அதே வீட்டுக்குள், அவர்களோடுதான் இருந்தான். அந்த எட்டு நாளும் யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை, அவனும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. எனக்கு வேதத்திலேயே மிகவும் பிடித்த எட்டு நாள் அது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். போதகரைத் தனியாகப் பார்த்து, எனக்கு எழுதியதையே சொல்லுங்கள். வகுப்பு திரும்பக் கிடைக்காமல் போகலாம், அது வலிக்கத்தான் செய்யும்.

அந்தப் பையனைப் பார்த்தால் யோனா புத்தகத்தின் நாலாம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் மீனோடு நின்றுவிடுகிறோம். அங்கே ஓர் ஆமணக்குச் செடி வருகிறது. அது வாடியதற்கு யோனா சாகிற அளவுக்குக் கோபப்படுகிறான். கடவுள் அவனை எச்சரிக்க அனுப்பிய நினிவே நகரத்தில் இருக்கும் லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மன்னிக்கப்பட்டதோ அவனுக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார், அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. பையன் என்ன பதில் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.