பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்

கேள்வி: விருதுநகரில் காமராஜர் வளர்ந்த வீட்டைப் பார்த்து வந்தேன். எங்கள் தெருவிலும் சுதந்திரப் போராட்டத் தலைவர் ஒருவர் வாழ்ந்த நூறாண்டு வீடு ஓதம் ஏறிக் கிடக்கிறது. சிமென்ட் பூசி, நல்ல பெயின்ட் அடித்து நினைவில்லம் ஆக்கினால் என்ன?
– வாசகர், வேலூர்

பதில்: பெயின்டா? நல்லெண்ணத்தோடு பழைய வீட்டைக் கொல்ல அதைவிடச் சுலபமான வழி கிடையாது. நூறாண்டு வீடென்றால் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகத்தான் இருக்கும். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்டும் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்டும் ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு உள்ளேயே பூத்து, செங்கல் மாவாக உதிரும். பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அப்போதும் பழி சுண்ணாம்பின் மேல்தான்!

செய்ய வேண்டியது இது. ஏற்கெனவே பூசிய சிமென்டை உளியால் கையாலேயே கொத்தி எடுங்கள், மெஷின் வேண்டாம். மழைநீர் சுவரடியில் தேங்காமல் வடிகாலைச் சரிசெய்யுங்கள். சுவர் நன்றாக உலரட்டும். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, குறைந்தது 15 நாள் ஊறவிடுங்கள். பாலாற்று மணல் என்றாலும் கழுவிச் சலித்த பிறகே, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சேருங்கள். கடுக்காய் ஊறல், வெல்லத் தண்ணீர் விட்டு அரைப்பது நம் கொத்தனார்கள் அறிந்த முறை. ஒரே பூச்சில் தடிமனாக அப்பினால் வெடிக்கும். வேலூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்தாலும் வெடிக்கும். ஈரச் சாக்கு கட்டுங்கள். கடைசியில் வெள்ளையடித்தால் போதும்.

தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் முதலில் அந்த உத்திரங்களின் முனையைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்த அந்த முனைதான் முதலில் மக்கும். அதைப் பார்க்காமல் மேலே கான்கிரீட் கொட்டினால், தாங்க முடியாத பாரம் ஏறும்.

காமராஜர் வீடு என்றீர்களே, அதில் பார்க்க வேண்டியது அதன் எளிமை. 1941-இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர் சிறையில் இருந்தார். முதலமைச்சராக இருந்தவர், 1975 அக்டோபர் 2-இல் சென்னை திருமலைப்பிள்ளை சாலையில் உயிர் விட்டது வாடகை வீட்டில். அப்படி வாழ்ந்த தலைமுறையின் வீட்டுக்குள் கிரானைட் தரையும் ஃபால்ஸ் சீலிங்கும் போடுவது அவர்களைப் பொய்யாக்கும் வேலை. நினைவில்லக் கமிட்டிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, இன்னும் சொல்வேன்.

எஸ்டிமேட்டை வாங்கிப் பாருங்கள். அதில் சிமென்ட் மூட்டை இருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.