சிப்பியின் நாரும் நத்தையின் துளையும்

மலாய் அண்டை வீட்டார் கூப்பாங் என்று சொல்லும் பச்சைச் சிப்பியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஈரச்சந்தையில் வாங்கும் சிப்பியில் தாடிபோல நார் தொங்குகிறதே, அது என்ன அண்ணா? (பொங்கோல் வாசகி)

சிப்பியின் உயிரே அந்த நாரில்தான் இருக்கிறது, அம்மா. நாக்கைப் போன்ற ஒரு கால் ஓட்டுக்கு வெளியே நீண்டு பாறையைத் தொடும். காலிலுள்ள பள்ளத்தில் புரதம் சுரந்து, சில நிமிடங்களில் இழையாக இறுகிவிடும். நுனியில் வட்டமாகப் பசைத் திட்டு. அது கடல்நீருக்குள்ளேயே ஒட்டும்! கெலோங் எனும் கடல் மீன்பிடி மேடைகளின் கயிறுகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் சிப்பிகளை அலை உதிர்க்க முடியாததும் இதனால்தான். பிடுங்க வரும் நண்டு முதலில் இந்த இழைகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். நண்டின் வாசனை நீரில் கலந்தாலே சிப்பி கூடுதல் இழைகளை விடும்; நாளடைவில் ஓடும் தடிக்கும்.

சாங்கிக் கரையில் எடுத்த ஓட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தது. யார் வேலை, மாமா? (உயர்நிலை இரண்டு மாணவன்)

கடல் நத்தையின் வேலை, தம்பி. என் மேசையிலும் அப்படி ஓர் ஓடு இருக்கிறது. பச்சை விளிம்புக்கு ஒரு விரல் மேலே, பென்சில் முனை அளவுத் துளை. சுற்றிலும் ஒரு கீறல் இல்லை. நத்தை அமிலச் சுரப்பால் ஓட்டை இளக்கி, பல் பதித்த நாக்கால் சுரண்டுகிறது. ஒரு சிப்பியைத் துளைத்து முடிக்க இரண்டு மூன்று நாள்கூட ஆகும்.

அந்த அவகாசம் சிப்பிக் கூட்டத்துக்குப் போதும். அட்லாண்டிக் கரைகளின் நீலச் சிப்பிகள், மேலே ஏறிய நத்தையின் ஓட்டில் இழைகளை ஒட்டிக் கட்டிப்போடுகின்றன. பக்கத்துச் சிப்பிகளும் கை கொடுக்கின்றன. நகர முடியாத நத்தை பட்டினியில் சாகிறது. முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நட்சத்திர மீன் எப்படித் திறக்கிறது? (ஈசூன் வாசகர்)

குழாய்க் கால்களால் இரு ஓடுகளையும் விடாமல் இழுக்கும். நூலளவு இடுக்கு கிடைத்தால் போதும், தன் வயிற்றையே உள்ளே நுழைத்துச் செரித்துவிடும். சிப்பிக்கு இறுக மூடும் தசைதான் துணை.

இந்தப் பகைவர்களை எல்லாம் அகற்றிவிட்டால் சிப்பிகளுக்கு நல்லதுதானே? (பாசிர் ரிஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சிப்பிக்கு நல்லது, கரைக்குக் கேடு, ஐயா. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் சூழலியல் ஆய்வாளர் ராபர்ட் பெயின் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றிப் பார்த்தார். சிப்பிகள் பெருகி இடத்தை அடைத்தன. 15 வகை உயிரினங்கள் 8 ஆகக் குறைந்தன. 1966இல் அதை வெளியிட்டார்.

சிங்கப்பூருக்கு வடக்கே உள்ள நம் ஜொகூர் நீரிணையிலும் இடச்சண்டை உண்டு. அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளைச் சேர்ந்த சிறு சிப்பி ஒன்று மீன்பண்ணை வலைகளில் அப்பிக்கிடப்பதை ஆய்வாளர்கள் 2018இல் தெரிவித்தார்கள். பச்சைச் சிப்பிக்கு நண்டைவிட அதுதான் என் கவலை.

பிள்ளைகள் பாறையிலிருந்து சிப்பியைப் பிய்த்துப் பார்க்கலாமா? (தெம்பனிஸ் வாசகி)

வேண்டாம், அக்கா. வெடுக்கென்று இழுத்தால் நார் வேரோடு வந்து உள்தசை கிழிந்துவிடும். வற்றுக்கடலில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நீர் தேங்கிய குழியில் ஓடு மெல்லத் திறந்திருப்பது தெரியும்.