மடக்குக் கத்தியும் சினிமாக் காடும்: கேள்வி பதில்

காட்டில் தொலைந்துபோகும் கதை என்றாலே நாயகன் பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுக்கிறானே, பட்டாக்கத்தி கிடைக்காதா?
— வாசகர், வேளச்சேரி

பட்டாக்கத்தி கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும், படமும் அங்கேயே படுத்துவிடும். இடுப்பில் பெரிய கத்தி தொங்குபவனை வேட்டைக்காரன் அல்லது அடியாள் என்றுதான் நம் கண் எடுத்துக்கொள்ளும். மடக்குக் கத்தி வைத்திருப்பவனோ ஆப்பிள் நறுக்க, பார்சல் பிரிக்க வைத்திருந்தவன். அவன் காட்டில் மாட்டிக்கொண்டால் நாமே மாட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. ஒளிப்பதிவுக்கும் இது தோதான பொருள். அலகைத் திறக்கவென்றே அதில் இருக்கும் நகக்குழியில் கட்டைவிரல் நகம் பதிவது, அலகு எழும்புவது, 'டக்' என்று நிற்பது என்று ஒரே குளோசப்பில் மூன்று அசைவு. கை நடுங்கினால் அதுவும் தெரியும்.

'127 ஹவர்ஸ்' படத்தில் அவ்வளவு சின்னக் கத்தியால் கையையே அறுப்பது நம்பும்படியா இருக்கிறது?
— வாசகி, மந்தைவெளி

நடந்த கதைதான். 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஆரோன் ரால்ஸ்டனின் வலது கை பாறைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கியது. அதை 2010-ல் டேனி பாயில் படமாக்கினார். இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான். மடக்குக் கத்தியைப் பற்றி உண்மை பேசிய படம் என்றால் இதைத்தான் சொல்வோம். ரால்ஸ்டனிடம் இருந்தது இடுக்கியோடு சேர்ந்த மலிவான மல்டிடூல். அதன் சின்ன அலகைப் பாறையைச் செதுக்கப் பயன்படுத்தியே மழுங்கடித்துவிட்டார். பாறையில் ஒரே ஒரு முறை உரசினாலே கூர் மடிந்துவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழுங்கிய அலகு தோலையும் தசையையும் எப்படியாவது கிழிக்கும், எலும்பை ஒன்றும் செய்யாது. அதனால்தான் பாறையையே நெம்புகோல் மாதிரி வைத்து முன்கையின் இரண்டு எலும்புகளையும் முதலில் முறித்தார். கத்தி, ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டு எல்லாம் அதன் பிறகுதான். தசைநாண்களுக்குக் கத்தி போதாமல் இடுக்கியைப் பிடித்தார். படத்தின் தொடக்கத்தில் வீட்டு அலமாரியில் கை துழாவும். உள்ளே இருக்கும் நல்ல சுவிஸ் கத்தி மட்டும் கைக்கு எட்டாது. இரண்டாம் முறை பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும் ஷாட் அதுதான்.

காட்டுப் படங்களில் கத்தி முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கிறார்கள். நானும் செய்தேன், பூட்டு தளர்ந்து அலகு ஆடுகிறது. கத்தி போலியா?
— வாசகர், அம்பத்தூர்

கத்தி போலி இல்லை, சினிமாதான். இப்படி அடிக்கும் வேலை, அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓடும் மடங்காத கத்திக்கு உரியது. மடக்குக் கத்தியில் மொத்த விசையும் ஒரு சின்ன அச்சாணியில் போய் உட்காரும். இன்னொன்று, அலகு எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பாருங்கள். முதுகை அழுத்தினால் மடங்கும். நீங்கள் நுனிப்பக்கம் அடிக்கும் ஒவ்வொரு அடியும் கத்தியை மூடப் பார்க்கிறது, அதைத் தடுப்பது மெல்லிய பூட்டுத் தகடு ஒன்றுதான். தகடு தேய்ந்தால் ஒருநாள் அலகு விரல்மேலேயே மூடும். பூட்டே இல்லாமல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் மட்டும் நிற்கும் பேனாக்கத்தியில் இது முதல் அடியிலேயே நடக்கலாம். குத்துவதும் ஆபத்துதான். நுனி தடைபட்டால் அலகு மடங்கும், கை வழுக்கிக் கூருக்குப் போகும்.

உங்கள் கத்தியில் அச்சுத் திருகு இருந்தால் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் நிற்கும். மேலும் கீழும் ஆடுகிறதென்றால் பூட்டு தேய்ந்துவிட்டது; இனி அது கடிதம் பிரிக்கத்தான்.

விறகு ஈரம் என்றால் தீ பற்றவைக்க வேறு வழி இருக்கிறது. கட்டைவிரல் பருமன் குச்சியை எடுத்துப் பட்டையைச் சீவி எறியுங்கள். உள்ளே உலர்ந்த பகுதியைச் சுருள் சுருளாகச் சீவி, சுருள்களைக் குச்சியிலேயே தொங்கவிடுங்கள். மடக்குக் கத்தி இந்த வேலையில் கெட்டிக்காரன்.

கத்தியை எடுக்கும்போது 'ஷ்ஷிங்' என்று சத்தம் வருமா?
— வாசகர், பெரம்பூர்

வராது. பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பது. மடக்குக் கத்திக்கு 'கிளிக்' மட்டுமே.

தீ மூட்டும் ஃபெரோ குச்சியை (உரசினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி) கத்தியால் உரசினால் பொறி வரவில்லை.
— வாசகி, தாம்பரம்

புதுக் குச்சியில் கறுப்புப் பூச்சு இருக்கும், முதலில் அதைச் சுரண்டி எடுங்கள். கூர்ப்பக்கத்தால் உரசாதீர்கள், கத்திதான் கெடும். முதுகின் விளிம்பு சரியாக 90 பாகையில் இருந்தால்தான் உலோகத்தைச் சீவும். பல மடக்குக் கத்திகளில் அதை மழுக்கி வைத்திருப்பார்கள். முதுகால் அழுத்துவதால் பூட்டில்லாத கத்தியில் இந்த வேலையே வேண்டாம், உடைந்த ஹாக்ஸா பிளேடுத் துண்டு போதும். பிளேடை அசைக்காமல் பிடித்து, குச்சியைப் பின்னால் இழுங்கள். பற்றவைக்கக் கீழே வைத்த தேங்காய் நாரோ வாஸ்லின் தடவிய பஞ்சோ கலையாமல் இருக்கும்.

மரப்பிடி போட்ட ஒபினெல் கத்தி நவம்பர் மழையில் திறக்கவே மாட்டேன் என்கிறது. துருவும் பிடிக்கிறது.
— வாசகர், பெசன்ட் நகர்

ஈரம் குடித்து மரம் உப்பி அலகைக் கவ்வுகிறது. கைப்பிடியின் வால் முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் நுனி கொஞ்சம் எழும்பும், அதைப் பிடித்துத் திறக்கலாம். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் மரம் வெடிக்கும். அப்படியும் இறுகினால் 220 எண் உப்புத்தாளை மடித்துப் பள்ளத்தின் உள்சுவரை நாலைந்து இழுப்பு இழுங்கள்.

கடற்காற்றில் துரு தொடங்குவது அச்சில்தான், எவர்சில்வர் அலகுக்கும் விலக்கில்லை. பழம் நறுக்கியதும் கழுவி, துடைத்து, விரித்தபடி ஃபேனுக்கு அடியில் காயவிட்டு, அச்சின் இருபக்கமும் ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் நல்லது, சாப்பாட்டுப் பொருளில் பட்டாலும் பயமில்லை.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் தரலாமா?
— வாசகி, திருவொற்றியூர்

அரிவாள்மனையைத் தாருங்கள், மெல்லிய அலகு வேண்டாம். உலர்ந்த சக்கரச் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் கெட்டித்தன்மை போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 எண் கல்லை நனைத்து வீட்டிலேயே தீட்டலாம். அலகு அகலம் 18 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 6 மி.மீ. தூக்குங்கள், கோணம் ஏறத்தாழ 20 பாகை வரும். விளிம்பில் மார்க்கர் மை தடவி இரண்டு இழுப்புக்குப் பிறகு பாருங்கள். மை மேலே மட்டும் அழிந்திருந்தால் கோணம் குறைவு, விளிம்பின் நுனியில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம். மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும்வரை தீட்டிவிட்டுப் பக்கம் மாற்றுங்கள்.

முதுமலைக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?
— வாசகர், கொளத்தூர்

வேண்டாம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்திலேயே கத்தி இருக்கிறது, நீளம் பற்றிய பேச்சே இல்லை. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இதே விதி, நம்ம கிண்டி உட்பட. விமானத்தில் போவதென்றால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.